கணவர் வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு போகிறேன்

கேள்வி: நானும் கணவரும் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறோம். நான் ஜவுளிக்கடையில் இருக்கிறேன். வீடு பாபநாசத்தில். தினமும் காலையில் பைக்கில் கிளம்பி, ஊருக்குள்ளேயே இருக்கும் பள்ளியில் 7 வயது மகளை விட்டுவிட்டு, அய்யம்பேட்டை வழியாகப் போவோம். மகள் முன்னால் டேங்க் மேல் உட்காருவாள். கணவருக்குக் குடிப்பழக்கம் இல்லை, சாகசம் செய்கிறவரும் இல்லை. ஆனால் பஸ்ஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவார். பஸ் நின்றால் இடது பக்கமாகப் புகுந்து முந்துவார். போன் வந்தால் ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசுவார். ஹெல்மெட் அவருக்கு மட்டும்தான். நான் ஏதாவது சொன்னால், "20 வருஷமா ஓட்டறேன், எனக்குத் தெரியாதா? பேசாம உக்காந்து வா" என்பார். போன வாரம் சாலையில் கிடந்த வைக்கோலில் வண்டி சறுக்கி விழப் பார்த்தோம். அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பாதி வழி கண்ணை மூடிக்கொண்டுதான் போகிறேன். நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா? பஸ்ஸில் போகிறேன் என்றால் கோபித்துக்கொள்கிறார். என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாபநாசம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் பயத்தில் தேவையில்லாதது எதுவும் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் பழக்கங்களில் எந்த ஒன்றும் உயிரைக் குடிக்கப் போதுமானது. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் போய்க்கொண்டிருந்த சாதாரண மனிதர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

முதலில் மகள் விஷயம். மற்றவற்றை மெதுவாகப் பேசிக்கொள்ளலாம், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவில் பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். வண்டி நிற்கும்வரைதான் அது பத்திரம். ஓடும்போது சட்டென்று பிரேக் பிடித்தால் அவள் முகமும் நெஞ்சும் ஹேண்டில்பாரில் போய் மோதும். அதே நேரத்தில் பின்னாலிருந்து அப்பாவின் உடம்பும் அதற்குப் பின்னால் உங்கள் உடம்பும் முன்னே சரிந்து, இரண்டு பேர் கனமும் அவள் முதுகில் இறங்கும். சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம், அவரும் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவு. பள்ளி ஊருக்குள்ளேயே இருப்பதால் இதற்கு வழி எளிது. அவர் மகளை மட்டும் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து உங்களை ஏற்றிக்கொள்ளட்டும். அவள் கால் ஃபுட்ரெஸ்ட்டுக்கு எட்டவில்லை என்றால் பின் சீட்டும் அவளுக்கு இன்னும் சரிப்படாது. அப்படியானால் நீங்களே கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் விட்டுவிடுங்கள்.

வண்டியில் ஏறினால் அவளுக்கும் ஹெல்மெட் வேண்டும், உங்களுக்கும் வேண்டும். 4 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அது கட்டாயம். குழந்தைகள் அளவில் தனியாகக் கிடைக்கிறது. பெரியவர்களுடையதை மாட்டிவிட்டால் தலையில் சுழலும், விழும்போது கழன்றுவிடும். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. தரத்தில் இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் சாலையோரத்தில் குவித்துப் போட்டு விற்கிறார்கள், அதை வாங்காதீர்கள். தாடைக்குக் கீழே பட்டையை மாட்டாமல் போட்டுக்கொள்வதிலும் பயன் இல்லை. விழும்போது தலைக்கு முன்னால் ஹெல்மெட் போய்விடும்.

அடுத்து அந்த பஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் போகிறது. முன்னால் பஸ் வேகம் குறைவதைக் கண் பார்த்து, மனசு புரிந்துகொண்டு, கை பிரேக்கை இறுக்குவதற்குள் ஒரு நொடி போய்விடும். நல்ல ஓட்டுநருக்கும் அப்படித்தான். பஸ்ஸுக்கும் வண்டிக்கும் நடுவே ஐந்தாறு மீட்டர் இடைவெளி வைத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த ஒரு நொடி கிடைக்காது. பஸ்ஸும் சிறிது தூரம் ஓடித்தான் நிற்கும் என்பதால் பல நாள் தப்பிக்கிறார்கள். பிரேக் லைட் எரியாத பஸ்ஸாக இருந்துவிட்டால் அந்த வாய்ப்பும் குறைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. பஸ்ஸை ஒட்டிப் போகிறவருக்குச் சாலை தெரியாது. ஒரு பள்ளத்தை பஸ் தன் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவில் விட்டுத் தாண்டிப் போகும். பின்னால் வரும் பைக்குக்கு அந்தப் பள்ளம் பஸ்ஸின் அடியிலிருந்து திடீரென்று முன் சக்கரத்துக்கு நேராக வந்து நிற்கும். எதிரே வருகிற லாரிக்காரருக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பைக் இருப்பது தெரியாது. பஸ்தான் வருகிறது என்று நினைத்து, அது தாண்டியதும் அவர் வலது பக்கம் திரும்புவார்.

இடைவெளி போதுமா என்று பின் சீட்டிலிருந்து நீங்களே அளக்கலாம். பஸ்ஸின் பின்பக்கம் ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் மிகவும் நெருங்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழை பெய்தால் நான்கு வரை எண்ண வேண்டும். கண்ணை மூடிக்கொள்வதைவிட இது உங்களுக்கும் நல்லது. கண்ணை மூடியிருப்பவருக்கு வண்டி எப்போது குலுங்கும், எப்போது சாயும் என்று தெரியாது. உடம்பு அதற்குத் தயாராக இருக்காது.

நின்ற பஸ்ஸை இடது பக்கம் முந்துவதில் வேறு ஒருவரின் உயிர் இருக்கிறது. படியிலிருந்து இறங்குகிற பாட்டி பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கமாட்டார். உங்கள் கணவருக்கு இதைச் சொன்னால் உறைக்கும் என்று தோன்றுகிறது. அவர் கெட்டவர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இவ்வளவும் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது? உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் சுமார் 25 கிலோமீட்டர். வழி முழுக்க 60-ல் போக முடிந்தால் 25 நிமிடம். 50-ல் போனால் 30 நிமிடம். வித்தியாசம் ஐந்து நிமிடம். அதே 60-ல் பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம், 50-ல் ஓடி நிற்பதைவிட நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல். காலையில் ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப என்ன வழி என்று பாருங்கள். சாப்பாடு கட்டுவதிலிருந்து மகளுக்குத் தலை பின்னுவதுவரை எல்லாமே உங்கள் தலையில் இருந்தால் அந்த ஐந்து நிமிடம் வராது. அதில் இரண்டு வேலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

வைக்கோல் விஷயத்தை டெல்டாவில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் நம் சாலைகளே களமாகிவிடுகின்றன. உளுந்துச் செடியையும் எள்ளுச் செடியையும் வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பிவிடுகிறார்கள். வயலிலிருந்து ஏறும் டிராக்டர் சக்கரத்தின் சேறு தார்மேல் அப்பிக் கிடக்கும், அதன்மேல் தூறல் விழுந்தால் வண்டி நிற்காது. இரவில் இன்னும் மோசம். நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். எதிர் வண்டியின் விளக்கு கண்ணில் அடித்தால் அந்தக் கல் தெரியவே தெரியாது. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, போதுமான களம் இருந்தால் அவர் ஏன் சாலைக்கு வருகிறார்? ஓட்டுகிறவர் செய்யக்கூடியது ஒன்றுதான். வைக்கோலோ மணலோ சேறோ தூரத்தில் தெரியும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அதன் மேல் ஏறியபின் பிரேக்கைத் தொடக் கூடாது, திருப்பக் கூடாது, ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது. வண்டியை நேராகப் பிடித்தபடி உருள விட வேண்டும். போன வாரம் அவர் வைக்கோல் மேல் ஏறியபின் பிரேக் பிடித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். பஸ்ஸை ஒட்டிப் போகிறவருக்கு வைக்கோல் முன்கூட்டியே தெரிந்திருக்க வழியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே சமயம், "முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம்" என்ற பயம் அவருக்கு இருந்தால் அதைப் போக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது கனத்தின் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது. காய்ந்த சாலையில், வண்டி நேராக ஓடும்போது, நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்தான் செய்கிறது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும்.

போன் விஷயம் எளிது. ஏறும் முன் அதை நீங்கள் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்தால் நீங்கள் எடுத்து, "ஓட்டிக்கிட்டு இருக்காங்க, போய்ச் சேர்ந்ததும் பேசுவாங்க" என்று சொல்லிவிடுங்கள்.

கடைக்குப் புடவையில்தான் போகிறீர்கள் என்றால், முடிந்தவரை சுடிதாரில் போய் அங்கே மாற்றிக்கொள்ளப் பாருங்கள். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் சின்னக் குலுக்கலில்கூடப் பின்னால் சரிய வாய்ப்பு உண்டு. இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தால் உங்களுக்கும் பிடிமானம், அவருக்கும் வண்டி சாயாது. துப்பட்டாவை முடிந்து கொள்ளுங்கள், முந்தானையானால் இடுப்பில் செருகிவிடுங்கள். சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இறுக்கும், அல்லது ஆளையே இழுத்துப் போட்டுவிடும்.

இனி, எப்படிச் சொல்வது? ஓடும் வண்டியில் சொல்லாதீர்கள். காற்றில் பாதிதான் காதில் விழும், அதுவும் குற்றம் சொல்வதுபோலவே விழும். ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டி துடைக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். "நீங்க சரியா ஓட்டலை" என்று ஆரம்பித்தால் 20 வருடக் கதைதான் வரும். "என்னங்க, பின்னாடி உக்காந்தா முன்னாடி என்ன வருதுன்னே எனக்குத் தெரியமாட்டேங்குது. தெனமும் வயித்தைக் கலக்குது. பஸ்ஸுக்குக் கொஞ்சம் பின்னாடியே போவோமே" என்று கேளுங்கள். 20 வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதை மதித்தே பேசுங்கள். ஆனால் அந்த 20 வருடத்தில் அவருக்காகப் பிரேக் பிடித்தவர்களும் ஒதுங்கி வழிவிட்டவர்களும் எத்தனை பேர் என்பதை அவர் ஒருநாளும் எண்ணியிருக்கமாட்டார்.

அவர் தம்பியோ நண்பரோ ஓட்ட, அவரை ஒருநாள் பின் சீட்டில் உட்கார்ந்து தஞ்சாவூர்வரை போய்வரச் சொல்லுங்கள். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான் பின்னால் உட்காரும்போது அதிகமாகப் பதறுகிறார்கள். ஹேண்டில்பார் கையில் இல்லாமல் பஸ்ஸின் பின்பக்கம் நெருங்கி வருவது எப்படி இருக்கும் என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அவருக்குப் புரியாது, உட்கார்ந்து பார்த்தால் புரியும். தோளில் இரண்டு முறை தட்டினால் ஏன் என்று கேட்காமல் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்வதும் நல்லது.

பஸ்ஸில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், அதில் தப்பே இல்லை. பாபநாசத்தில் ரயில் நிலையமும் இருக்கிறது, கடை நேரத்துக்குப் பொருந்தும் ரயில் உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். ஒரு மாதம் அவருக்குக் கொடுங்கள். அதற்குள் இடைவெளி விட்டு ஓட்டப் பழகி, உங்களுக்கும் ஹெல்மெட் வாங்கிவிட்டால் வண்டியிலேயே போங்கள். மாறவில்லை என்றால் சண்டை போடாமல், மிரட்டலாகவும் சொல்லாமல், சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். கோபம் இரண்டு வாரத்தில் ஆறும். மகளுக்கு மட்டும் இந்த ஒரு மாதக் கணக்கு கிடையாது, நாளைக் காலையிலேயே அவளை டேங்க் மேலிருந்து இறக்கிவிடுங்கள்.