சமீபத்தில் படித்த நாவல்களைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள்: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை?

யாரும் கேட்காதபோதே கருத்துச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். நீங்கள் கேட்டே விட்டீர்கள். விடுவதாக இல்லை.

நீங்கள் யாரென்று தெரியாது. ஆனால் கேள்வியைப் பார்த்தால் ஒன்று தோன்றுகிறது. சாகித்ய அகாதெமி விருது பெற்றது என்று அட்டையில் போட்டிருந்த தடித்த நாவல் ஒன்றைப் புத்தகக் கண்காட்சியில் வாங்கியிருப்பீர்கள். அதில் நூறு பக்கம்கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள். அலமாரியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ என்று உறுத்தியிருக்கும். அப்படியென்றால் மேலே படியுங்கள். அப்படி இல்லையென்றாலும் படியுங்கள், எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. நர்ஸிங் டிப்ளமோ. அரசு மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் வாசம். நைட் ட்யூட்டியில் எல்லாப் படுக்கைக்கும் மருந்து கொடுத்து, கேஸ் ஷீட் எழுதி முடித்தால், விடிவதற்குள் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் படித்தவைதான் என் படிப்பு. "விமர்சனம் செய்ய நீ யார்?" என்று கேட்க வருகிறவர்கள் இந்தப் பத்தியோடு திரும்பிப் போகலாம்.

பிடித்ததிலிருந்து தொடங்குகிறேன். இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018-ல் வந்தது, 2020-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது. விருதுக்காக நான் எடுக்கவில்லை. தீக்காய வார்டு பற்றிய நாவல் என்று ஒருவர் சொன்னதால் எடுத்தேன். எனக்கு அந்த வார்டு நன்றாகத் தெரியும். எங்கே பொய் சொல்லியிருக்கிறார் என்று பார்த்துவிடலாம் என்கிற எண்ணம்கூட இருந்தது.

கதை பெரியதில்லை. எஞ்சினியரிங் படித்த ரேவதி, வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். சில ஆண்டுகளில் உடல் முழுக்க எரிந்துபோய்ப் புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். அப்பா நடேசன் தலைமை ஆசிரியர். கையில் பணத்தை வைத்துக்கொண்டு வராண்டாவில் நிற்கிறார். நாவலின் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புதான்.

இந்த நாவலைப் பற்றி நான் கேட்ட குறை ஒன்றுதான்: சொன்னதையே சொல்கிறார்கள், பேச்சு நீண்டுகொண்டே போகிறது, எடிட்டர் கத்தரி போட்டிருக்க வேண்டும். இப்படிச் சொல்கிறவர்கள் தீக்காய வார்டு வராண்டாவில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். அங்கே ஒவ்வொரு பஸ்ஸிலும் ஓர் உறவினர் வந்து இறங்குவார். அவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அழ வேண்டும். அடுத்த பஸ்ஸில் பெரியம்மா வருவாள், மறுபடியும் முதலிலிருந்து. அந்தத் தாய் சொல்லும் கதை மாலைக்குள் மாறிவிடும். காலையில் "நான் அவளைத் திட்டிவிட்டேன்" என்று இருந்தது மாலையில் "நான் ஒன்றுமே சொல்லவில்லையே" என்று ஆகியிருக்கும். இமையம் அதைக் காதால் கேட்டு எழுதியிருக்கிறார். கத்தரி போட்டிருந்தால் அது வேறு நாவல்.

இன்னொன்று. உறவினர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை சதவீதம் சிஸ்டர்?" என்பதுதான். பெரியவர்களுக்கு ஒரு கை 9, ஒரு கால் 18, மார்பும் வயிறும் சேர்ந்து 18, முதுகுப் பக்கம் 18, தலை 9 என்று கூட்டுவோம். அந்தக் கணக்கு 80-ஐத் தாண்டினால் எங்களுக்குத் தெரிந்துவிடும். வெளியே நிற்பவர்களுக்குத் தெரியாது. ஏனென்றால் உள்ளே கிடப்பவள் பேசிக்கொண்டிருப்பாள். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பு நுனிகளும் கருகிவிடுவதால் அங்கே வலிகூடத் தெரியாது. முதல் இரண்டு நாள் உடம்பிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட டிரிப் ஏற்றுவோம். அதைத் தாண்டிவிட்டால் அடுத்து கிருமித் தொற்று. இடையில் அவள் தண்ணீர் கேட்பாள், பிள்ளைகளைக் கேட்பாள். "தெளிவாகப் பேசுகிறாளே, பிழைத்துக்கொள்வாள் இல்லையா?" என்று அப்பாக்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது.

மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்குவார். பேசும் நிலையில் இருக்கிறாள் என்று டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டும். கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை. என் காதுபட எத்தனையோ பெண்கள் "ஸ்டவ் வெடித்துவிட்டது" என்று சொன்னார்கள். அந்த வீட்டில் ஸ்டவ்வே இருந்திருக்காது. அந்தப் பொய்யை எந்தக் கோபத்தில், எந்தப் பாசத்தில் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 'செல்லாத பணம்' எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவே காரணம். தீ எப்படிப் பிடித்தது என்பதைத் துப்பறியும் கதையாக்காமல், ரேவதி ஏன் அவனோடு போனாள், ஏன் திரும்பி வரவில்லை என்று வீட்டிலுள்ளவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள விட்டுவிடுகிறது.

குறையே இல்லையா? இருக்கிறது. சில இடங்களில் எல்லாருடைய பேச்சும் ஒரே சுருதியில் ஒலிக்கிறது. யார் பேசுகிறார்கள் என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. பொதுவாகத் தமிழ்க் கதைகளில் வரும் நர்ஸ்களைப் பற்றியும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒன்று தேவதை, இல்லையென்றால் எரிந்து விழுகிறவள். ஒரே ஆளாக முப்பது நாற்பது படுக்கையைப் பார்த்துக்கொண்டு, கால் வீங்கி, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்கிற நினைப்போடு நிற்பவளை யாரும் எழுதுவதில்லை.

இனி வாங்கிக் கட்டிக்கொண்ட கதை.

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். 2008-ல் வந்தது, 2011-ல் விருது. மாலிக் காபூர் படையெடுப்பில் தொடங்கி ஏறத்தாழ அறுநூறு ஆண்டு மதுரை வரலாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் கூடும் ஒரு வாசகர் வட்டத்தில் இதைப் பேசினார்கள். நானும் போயிருந்தேன். என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். எல்லாரும் புகழ்ந்து முடித்தபிறகு என்னைக் கேட்டார்கள். பின்பாதி அபாரம் என்றேன். களவையும் காவலையும் தொழிலாகக் கொண்ட தாதனூர் என்கிற ஊர்க்காரர்கள் இருட்டில் நடக்கும் விதம், களவுக்கும் காவலுக்கும் அவர்கள் வைத்திருக்கும் ஒழுங்கு, வெள்ளைக்காரன் காலத்தில் மதுரைக் கோட்டையை இடிக்கும் பகுதி, 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றும் குஞ்சரத்தம்மாள், அப்புறம் ரேகைச் சட்டம் என்கிற குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து ஊரையே குற்றவாளியாக்குவது எல்லாம் மறக்கவே முடியாதவை. ஆனால் விஜயநகரப் படை வருவது, நாயக்கர் ஆட்சி அமைவது என்று போகும் முன்பகுதியில் பல இடங்கள் திரட்டிய குறிப்புகளை வரிசையாக அடுக்கியதுபோல இருக்கின்றன, அரசர்கள் வருகிறார்கள் போகிறார்கள், ஒருவர் முகமும் எனக்கு நிற்கவில்லை என்றேன். இவ்வளவுதான் சொன்னேன்.

அங்கிருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "வரலாற்று நாவல் என்றால் பெண்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். அதற்கு ஒரு பயிற்சி வேண்டும் அம்மா" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். "சார், நான் காலமெல்லாம் கேஸ் ஷீட் படித்தவள். எது நோயாளி, எது நிரப்பல் என்று எனக்குத் தெரியும்" என்றேன். அதன் பிறகு கூட்டம் எப்போது என்கிற தகவல் எனக்கு வருவது நின்றுவிட்டது. அவர்களுடைய வாட்ஸப் குழுவில் இன்னும் இருக்கிறேன், தினமும் காலை வணக்கம் மட்டும் தவறாமல் வருகிறது.

உடனே யாராவது சாதியைக் கொண்டுவந்து இங்கே நிறுத்துவார்கள் என்பதால் சொல்கிறேன்: நான் பேசுவது எழுத்தைப் பற்றி மட்டும். நாவலாசிரியரின் கட்சியைப் பற்றியும் எனக்கு எந்தக் கருத்தும் இல்லை. அந்த நாவலுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் குறைத்துச் சொல்லவில்லை. உழைப்பு தெரிகிறது, சில இடங்களில் உழைப்பு மட்டுமே தெரிகிறது என்பதுதான் என் கட்சி.

சோ. தர்மனின் 'சூல்' எங்கள் மண். உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றியே நடக்கிறது. கண்மாயைத் தூர்வாருவதையும், மடையைத் திறந்து அளந்து தண்ணீர் விடுவதையும் படிக்கும்போது, என் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டதுபோல் இருந்தது. முக்கால்வாசி நாவலை ஒரே மூச்சில் படித்தேன். சுதந்திரத்துக்குப் பிந்தைய பகுதிக்கு வந்ததும் ஆசிரியருக்குக் கோபம் வந்துவிடுகிறது. கோபம் நியாயமானதுதான். எங்கள் கண்மாயிலும் இன்று சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை அவர் பாத்திரங்கள் வாயில் வைத்து மேடையேற்றும்போது, அதுவரை உயிரோடு நடமாடியவர்கள் கட்டுரை வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கண்மாய் செத்ததை முன்பகுதியே சொல்லாமல் சொல்லிவிட்டது. விளக்கம் எதற்கு?

பூமணியின் 'வெக்கை'யை மறுபடியும் படித்தேன். 1982-ல் வந்த சின்ன நாவல். 'அசுரன்' படம் பார்த்துவிட்டு இதைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். படத்தில் வரும் அப்பாவின் முன்கதை, பெரிய சண்டைகள் எல்லாம் நாவலில் அத்தனை விரிவாக இல்லை. கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பதினைந்து வயது சிதம்பரமும் அவனுடைய அய்யாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைச் சமைத்துத் தின்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். கொலை செய்துவிட்டு வந்த பையனுக்கு அப்பா பசியாற்றுகிறார், திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. யார் என்ன சாதி என்று ஓரிடத்திலும் பெயர் சொல்லாமல் எல்லாவற்றையும் புரியவைத்துவிடுகிறார் பூமணி. எனக்கு அதில் ஒரு வரியைக்கூட எடுக்கத் தோன்றவில்லை. ஆத்தாவுக்கு இன்னும் நாலு பக்கம் கொடுத்திருக்கலாம் என்பது மட்டும் என் ஆசை.

இந்தப் புத்தகங்களையெல்லாம் விலை கொடுத்து வாங்குகிறாயா என்று கேட்பீர்கள். ஓய்வூதியத்தில் அது முடியாது. நூலகம்தான். அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரிந்தே சொல்கிறேன். சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாநிலம்தான், 1948-ல். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் இன்றுவரை கட்டுகிறோம். நான் போகும் நூலகத்தில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. ஒன்று இருக்கிறது, அதில் பழைய நாளிதழ்க் கட்டுகளை அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள ஒரு பெண் அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்து படிக்க முடியும்? கேட்டால், "பெண்கள் யாரும் அதிகமாக வருவதில்லையே அம்மா" என்று பதில் வருகிறது. ஏன் வருவதில்லை என்று அவரே ஒருமுறை அந்தப் பூட்டைத் திறந்து பார்த்தால் தெரியும். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரசீதுகூடத் தரவில்லை. பேராசிரியர் சொன்ன பயிற்சியை நான் எங்கே உட்கார்ந்து எடுப்பது?

சரி, கேள்விக்கு வருகிறேன். எதிலிருந்து தொடங்குவது என்று தயங்கினால் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. இரண்டு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள், பக்கத்து வீட்டு டீச்சரம்மா. சினிமாக் கனவில் சிக்கி, தன் வாழ்க்கையே வீணாகிவிட்டதென்று ஒடுங்கிக் கிடக்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா பேசும் இடம் ஒன்று வருகிறது. ஆறுதல் சொல்கிற தொனியே இருக்காது. நானும் பலருக்கு ஆறுதல் சொன்னவள் என்பதால் சொல்கிறேன், அப்படித்தான் சொல்ல வேண்டும். அதன் பிறகு 'வெக்கை', பிறகு 'செல்லாத பணம்'. 'காவல் கோட்டம்' கையில் இருந்தால், முன்பகுதி அலுத்தால் கூச்சப்படாமல் தாண்டித் தாதனூருக்குப் போய்விடுங்கள். பின்னால் தேவைப்பட்டால் திரும்பி வந்துகொள்ளலாம். பேராசிரியரிடம் சொல்லாதீர்கள்.

பூமணியின் 'அஞ்ஞாடி' பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று எங்கள் பக்கத்துக்காரர் யாராவது கேட்பார்கள். அதுவும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல், 2014-ல் விருது பெற்றது. ஆண்டியும் மாரியும் சின்ன வயதில் சுற்றித் திரிவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன், நன்றாகவே போகிறது. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கொள்ளையும் இதில் வருகின்றன என்று சொல்கிறார்கள், நான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. நூலகத் தவணை முடிவதால் நாளை புதுப்பிக்கப் போக வேண்டும்.