டக்கார் ராலி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பைக், கார், லாரி எல்லாம் இரண்டு வாரம் பாலைவனத்தில் ஓடும் போட்டியான டக்கார் ராலி பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் பைக் ஓட்டப்போனவன் இல்லை, பல வருடங்களாக இதை விடாமல் பின்தொடரும் ரசிகன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் டக்கார், நடப்பது சவூதி அரேபியாவில். இது என்ன கணக்கு, அண்ணா? (பிரபு, சேலம்)

ஆரம்பத்தில் பாரிஸில் கிளம்பி செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரில் முடித்தார்கள். தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977-ல் ஒரு ராலியில் பைக் ஓட்டும்போது லிபியப் பாலைவனத்தில் வழி தவறி, செத்துப் பிழைத்தார். சாதாரணமாக ஒருவர் அதற்கப்புறம் பாலைவனம் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். இவர் ஊருக்குத் திரும்பி, மற்றவர்களையும் அங்கே கூட்டிப்போக ஏற்பாடு செய்தார். 1978 டிசம்பர் 26 அன்று முதல் பாரிஸ்-டக்கார் கிளம்பியது.

2008-ல் லிஸ்பனில் எல்லோரும் வண்டியோடு தயாராக நிற்கும்போது, முந்தின நாள் ரத்து செய்தார்கள். மொரிட்டானியாவில் பிரெஞ்சு சுற்றுலாப் பயணிகள் 4 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள், ராலிக்கும் மிரட்டல் இருந்தது. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்கா, 2020-லிருந்து சவூதி. பெயர் மட்டும் மாறவில்லை. அது விலைபோகும் பெயர், யார் விடுவார்கள்?

லைவ் டைமிங் பார்த்தால் தலை சுற்றுகிறது. முதலில் போகிறவர் 12-வது இடம் என்று காட்டுகிறது. எப்படிப் படிப்பது? (நித்யா, கோயம்புத்தூர்)

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. ஒவ்வொருவராகச் சில நிமிட இடைவெளியில் விடுவார்கள். யார் முன்னால் போகிறார் என்பதற்கு அர்த்தமே இல்லை, யார் குறைந்த நேரம் எடுத்தார் என்பதுதான் கணக்கு. அதனால் வழியில் கட்டாயம் தொட வேண்டிய ஒவ்வொரு புள்ளியிலும் (வேபாயிண்ட்) பதிவாகும் நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள். உங்கள் ஆள் தாமதமாகக் கிளம்பியிருந்தால், அவர் அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை பட்டியலில் இருக்கவே மாட்டார். அவசரப்பட்டு வாழ்த்துச் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. இன்றைய ஸ்டேஜை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, ஜெயித்த பைக்காரர் நாளை முதல் ஆளாகக் கிளம்ப வேண்டும். அவருக்கு முன்னால் மணலில் ஒரு டயர் தடம்கூட இருக்காது. வழியை அவரே கண்டுபிடிக்க, பின்னால் வருகிறவர்கள் அவர் தடத்தைப் பார்த்துக்கொண்டே வேகமாக வந்து பிடித்துவிடுவார்கள். அதனால் இன்று முதலிடம், நாளை 15-வது, மறுநாள் மறுபடி முதலிடம் என்று ஊஞ்சல் ஆடும். சிலர் வேண்டுமென்றே ஸ்டேஜ் முடிவுக்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைத்துவிட்டு, மறுநாள் நல்ல இடத்தில் கிளம்புவார்கள். இதைச் சரிக்கட்டத்தான் 2023 முதல் வழி திறந்து போகும் முதல் மூன்று பைக்குகளுக்கு நேரச் சலுகை தருகிறார்கள்.

இரவு வரும் பட்டியலையும் அப்படியே நம்பாதீர்கள். பெனால்டி சேர்க்க வேண்டும், விபத்தில் உதவி செய்து இழந்த நேரத்தைத் திருப்பித் தர வேண்டும். அதெல்லாம் முடிந்துதான் இறுதிப் பட்டியல். நமக்கு சவூதியைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால், லைவ் டைமிங் பார்க்கக் காலை டிபன் முடித்து உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

ஜிபிஎஸ் இருக்கும் காலத்தில் எப்படி வழி தவறுகிறார்கள்? நம்பவே முடியவில்லை. (இம்ரான், திருச்சி, இதே கேள்வி மேலும் பலரிடமிருந்து)

இதைப் புரிந்துகொண்டால் முக்கால்வாசி டக்கார் புரிந்த மாதிரி.

வண்டியில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி அமைப்பாளர்கள் கொடுப்பது. நாம் கூகுள் மேப்பில் பார்ப்பதுபோல அதில் வரைபடம் கிடையாது. எந்தத் திசை நோக்கிப் போகிறீர்கள், என்ன வேகம், இவ்வளவுதான் காட்டும். வேபாயிண்ட் என்பது நீங்கள் கட்டாயம் தொட்டுப்போக வேண்டிய புள்ளி. அதற்குச் சில நூறு மீட்டர் பக்கத்தில் வந்தால்தான் கருவியில் அம்புக்குறி விழிக்கும். அதுவரை குருடன்தான். சொந்தக் கைபேசியை வைத்து வழி பார்ப்பதற்குத் தடை.

அப்போ எதை வைத்துப் போவது? ரோடுபுக். கிராமத்தில் வழி கேட்டால் "புளியமரம் தாண்டி இடது கை பக்கம் திரும்பு" என்பார்களே, அதைக் கிலோமீட்டர் கணக்கோடு படமாக வரைந்தால் ரோடுபுக். ஒரு கட்டத்தில் தூரம், அடுத்ததில் பாதை எப்படிப் பிரிகிறது என்ற சின்னப் படம், மூன்றாவதில் பிரெஞ்சுச் சுருக்கெழுத்தில் குறிப்பு. எத்தனை டிகிரி திசையில் போக வேண்டும் என்றும் இருக்கும். ஆபத்தான இடத்துக்கு ஆச்சரியக்குறி: ஒன்று என்றால் கவனம், மூன்று என்றால் அலட்சியம் செய்தால் ஆஸ்பத்திரி.

காரில் இதைப் படித்துச் சொல்லப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். பைக்கில்? பள்ளம் மேடு பார்த்து ஓட்டிக்கொண்டே, கட்டைவிரலால் பட்டனை அழுத்தி ரோடுபுக்கை நகர்த்தி, தூரத்தைச் சரிபார்த்து, திசையையும் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே ஆள். முன்பெல்லாம் ரோடுபுக் முந்தின நாளே கையில் வந்துவிடும். ராத்திரி உட்கார்ந்து கலர் பேனாவால் முக்கியமான இடங்களைக் குறித்துவைப்பார்கள். பெரிய டீம்கள் அதை ஆராய்வதற்கென்றே தனி ஆள் வைத்திருந்தன. அந்தச் சாதகத்தை ஒழிக்க, இப்போது காலையில் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தருகிறார்கள். மிகச் சரியான முடிவு என்பேன்.

எவ்வளவு பெரிய ஆளையும் இது கவிழ்க்கும். 2022-ல் கார்லோஸ் சைன்ஸ் (ஃபார்முலா ஒன் ஓட்டுநரின் அப்பா, இரண்டு முறை உலக ராலி சாம்பியன்) தொடக்கத்திலேயே ஒரு வேபாயிண்ட்டைத் தேடி மணலில் சுற்றிச் சுற்றி வந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தைத் தொலைத்தார். அந்த வருடப் போட்டி அவருக்கு அன்றே முடிந்தது. அதே மனிதர் 2024-ல், 61 வயதில், ஆடி காரில் வந்து பட்டம் வாங்கினார்.

பைக் டயரில் காற்றே இல்லையாமே? (ஜான்சன், நாகர்கோவில்)

ஆமாம். டியூபுக்குப் பதில் மூஸ் என்ற வளையம், கெட்டியான நுரை மாதிரி. முள், கல் எது குத்தினாலும் பஞ்சர் இல்லை. ஆனால் வேகமான பாதையில் வெகு நேரம் ஓட்டினால் சூட்டில் அதுவே பிய்ந்துபோகும்.

எவ்வளவு வேகத்தில் போவார்கள், சார்? (எட்டாம் வகுப்பு மாணவர், மதுரை)

450 சிசி பைக் தம்பி, திறந்த வெளியில் 150-ஐத் தாண்டும். ஊருக்குள் வரும் பகுதிகளில் வேகக் கட்டுப்பாடு உண்டு. மீறினால் கருவி போட்டுக்கொடுத்துவிடும், பெனால்டி நிச்சயம். ஆனால் 400 கிலோமீட்டர் மணலில் ஒரு தடவைகூட விழாமல் வருகிறவரைக் கவனி. அவர்தான் ஜெயிப்பார்.

நம் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா? (வேல்முருகன், ஓசூர்)

ஓசூரிலிருந்து இந்தக் கேள்வி வருவது அழகு. உங்கள் ஊர் டிவிஎஸ், பிரான்சின் ஷெர்கோ பைக் கம்பெனியுடன் சேர்ந்து 2015 முதல் டக்காரில் இறங்கியது. அதே 2015-ல் பெங்களூர் சி.எஸ். சந்தோஷ் 36-வதாக வந்தார். டக்காரை முடித்த முதல் இந்தியர் அவர்தான். ரெய்டு டி ஹிமாலயா, டெசர்ட் ஸ்டார்ம் போன்ற நம் நாட்டு ராலிகளில் அடிபட்டு வளர்ந்தவர். 2021-ல் சவூதியில் மோசமாக விழுந்து, ரியாத் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து மயக்க நிலையில் வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் ரசிகர்கள் யாரும் டைமிங் பக்கத்தைப் பார்த்த மாதிரி நினைவில்லை. மனிதர் மீண்டு வந்தார்.

அப்புறம் கேரளத்தின் ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா. 2021-ல் ஒட்டுமொத்தத்தில் 20-வது. 2024-ல் ஷெர்கோ டிவிஎஸ் பைக்கில் ராலி 2 பிரிவையே (முன்னணி வீரர்களுக்கு அடுத்த பிரிவு) ஜெயித்து, ஒட்டுமொத்தத்தில் 11-வது. தொழிற்சாலை டீம்களின் முழுநேர வீரர்கள் நிறைந்த பட்டியலில் 11 என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். நம் பத்திரிகைகளில் ஒரு ஐபிஎல் ஏலச் செய்திக்குக் கிடைக்கும் இடத்தில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஹீரோ டீமும் உண்டு. 2022-ல் ஜோவாக்கிம் ரோட்ரிகஸ் ஒரு ஸ்டேஜ் ஜெயித்துக் கொடுத்தார், இந்திய நிறுவனத்துக்கு முதல் ஸ்டேஜ் வெற்றி. 2024-ல் போட்ஸ்வானாவின் ராஸ் பிராஞ்ச் ஹீரோ பைக்கில் இரண்டாமிடம்.

ஒருவர் விழுந்துகிடந்தால் பின்னால் வருகிறவர் நிற்பாரா, போய்விடுவாரா? (கலைவாணி, தஞ்சாவூர்)

நிற்பார். நிற்க வேண்டும் என்பது விதி, அதைவிட வழக்கம். ஹெலிகாப்டர் வரும்வரை பக்கத்திலேயே இருந்தால், இழந்த நேரத்தை அமைப்பாளர்கள் கணக்கிட்டுத் திருப்பித் தருவார்கள். 2020-ல் ஹீரோ டீமின் பாவ்லோ கொன்சால்வஸ் விழுந்தபோது, முந்தைய வருட சாம்பியன் டோபி பிரைஸ் வண்டியை நிறுத்திவிட்டு அவரோடு இருந்தார். கொன்சால்வஸ் பிழைக்கவில்லை.

இத்தனை பேர் சாகிற போட்டியை ரசிக்க உங்களுக்கு உறுத்தவில்லையா? (பெயர் வேண்டாம் என்றவர்)

உறுத்தும். ஆரம்பத்திலிருந்து 70 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். ஓட்டுநர்கள் மட்டுமல்ல, ஓரத்தில் நின்ற குழந்தைகளும் அதில் உண்டு. ஆபத்தைத் தெரிந்து ஏற்றுக்கொண்டவருக்கும், தன் ஊர் வழியாக என்ன வருகிறது என்றே தெரியாத குழந்தைக்கும் ஒரே நியாயம் சொல்ல முடியாது. ஆப்பிரிக்க காலத்தின் மீது எனக்கு இருக்கும் பெரிய குறை அதுதான். ராலியைத் தொடங்கிய சபீனே 1986 ஜனவரியில் மாலியில் ஹெலிகாப்டர் விபத்தில் போனார். இப்போது பைக்காரர்களுக்கு ஏர்பேக் சட்டை கட்டாயம், ஒவ்வொரு வண்டியிலும் செயற்கைக்கோள் கண்காணிப்பு இருக்கிறது. முன்னேற்றம்தான். அதற்காக மரணம் நின்றுவிடவில்லை. சவூதி அரசு தன் பெயரை வெளுத்துக்கொள்ளத்தான் இதற்குப் பணம் கொட்டுகிறது என்ற விமர்சனத்திலும் நியாயம் இருக்கிறது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே பார்க்கிறேன். சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

ஆப்பிரிக்காவில் நடந்ததுதான் உண்மையான டக்கார் என்று பழைய ரசிகர்கள் சொல்கிறார்களே? (சிவகுமார், யாழ்ப்பாணம்)

கதைகள் அங்கேதான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். 1982-ல் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் மகன் மார்க் அல்ஜீரியப் பாலைவனத்தில் காணாமல் போய், 6 நாள் கழித்துக் கிடைத்தார். 1988-ல் முன்னணியில் இருந்த ஆரி வாட்டனனின் பெஜோ காரை மாலியின் பமாகோவில் யாரோ திருடிவிட்டார்கள். கார் திரும்பக் கிடைத்தும், நேரத்துக்குக் கிளம்பாததால் அவரை வெளியேற்றினார்கள். இந்த மாதிரி இனி நடக்காது.

ஆனால் போட்டி என்று பார்த்தால் இப்போதுதான் கடுமை. 2023-ல் இரண்டு வாரம், 44 மணி நேரத்துக்கு மேல் ஓட்டி முடித்தபின் பைக்கில் முதல் இருவருக்கும் இடையே வெறும் 43 விநாடி வித்தியாசம். கெவின் பெனவிதஸ் ஜெயித்தார், டோபி பிரைஸ் தோற்றார். 2024-ல் ருப் அல் காலி பாலைவனத்தில் 48 மணி நேர ஸ்டேஜ் கொண்டுவந்தார்கள். மாலை 4 மணிக்கு எங்கே இருந்தார்களோ, அதற்கு அடுத்த முகாமில் நிற்க வேண்டியிருந்தது. மெக்கானிக் இல்லை, டீமோடு பேச முடியவில்லை, கொடுத்த கூடாரத்தில் படுத்து, கொடுத்ததைத் தின்ன வேண்டியிருந்தது. எதிராளி எந்த முகாமில் இருக்கிறார் என்றுகூடத் தெரியவில்லை. சபீன் இருந்தால் கைதட்டியிருப்பார்.

பெண்கள்? (ஷாலினி, பெங்களூர்)

2001-ல் ஜெர்மனியின் யூட்டா க்ளைன்ஷ்மிட் கார் பிரிவில் பட்டமே வாங்கினார், மிட்சுபிஷி பஜேரோவில். தனிப் பெண்கள் பிரிவு என்று நினைக்காதீர்கள், எல்லோரையும் சேர்த்து முதலிடம். ஸ்பெயினின் லாயா சான்ஸ் 2015-ல் பைக்கில் 9-வது. உங்கள் ஊர் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பாஹா என்ற குட்டிப் பாலைவன ராலிகளின் உலகக் கோப்பையில் பெண்கள் பட்டம் வென்றார். அவர் பெயரையும் தேடிப் பாருங்கள்.

ரியாத்தில் வேலை செய்கிறேன். நேரில் பார்க்கலாமா, அண்ணே? (அப்துல் காதர், கீழக்கரை)

தாராளமாக. பார்வையாளர் பகுதிகளை அமைப்பாளர்களே அறிவிப்பார்கள், அங்கே போங்கள். நாமே ஒரு மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்து உச்சியில் நிற்பது வேண்டாம். ஏறி வருகிறவருக்கு மேட்டின் அந்தப் பக்கம் தெரியவே தெரியாது. உச்சி வெயிலில் நிழல் இல்லாததால் மணலில் பள்ளம் எது, மேடு எது என்பதும் அவர் கண்ணுக்குப் பிடிபடாது. வளைவின் வெளிப்பக்கமும் ஆகாது. பைக்குகள் போனதும் கிளம்பிவிடாதீர்கள், கடைசியில் லாரிகள் வரும். அவ்வளவு பெரிய உருவம் மணல்மேட்டைத் தாண்டி இறங்குவதை நேரில்தான் பார்க்க வேண்டும்.

புதிதாகப் பார்க்கிறேன். யாரைப் பின்தொடரலாம்? (ரேவதி, சென்னை)

முதல் பத்துப் பேரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பைக் பட்டியலில் ஒரிஜினல் என்ற பிரிவைத் தேடுங்கள். முன்பு மால் மோட்டோ என்பார்கள். இவர்களுக்கு மெக்கானிக் கிடையாது. உதிரி பாகங்கள், கருவிகள் எல்லாம் 80 லிட்டர் பெட்டி ஒன்றில் அடங்க வேண்டும். நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து, மற்றவர்கள் மசாஜ் செய்துகொண்டிருக்கும்போது இவர்கள் ஆயில் மாற்றி, டயர் மாற்றி, துணி துவைத்துவிட்டுத் தூங்குவார்கள். விடியும் முன்னே மறுபடி கிளம்ப வேண்டும். பெரும்பாலும் சொந்தக் காசு, கடன், ஊர்க்காரர்கள் போட்ட பணம். அதில் ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து அவர் இன்னும் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.