கும்பகோணம் பள்ளி விழா மேடையில் ஜீனர் அட்டைக் குறி தெரியவில்லை – பதில்

மனதைப் படிக்கும் வித்தைக்காக ஜீனர் அட்டைகளின் (ஐந்து உருவங்கள், ஒவ்வொன்றும் ஐந்து அட்டை, மொத்தம் 25) பின்பக்கத்தில் போட்ட ரகசியக் குறி வீட்டில் தெரிந்தது, மேடையில் தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அட்டை பார்வையாளர் கைக்குப் போன பிறகு குறியைத் தேடாதீர்கள். சீட்டுக்கட்டை நீட்டும்போதே மேலட்டையின் குறியைப் படித்துவிடுங்கள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும்.

வீட்டில் தெரிந்தது மேடையில் மறைந்ததற்கு அநேகமாக விளக்கின் கூச்சம்தான் காரணம், பளபளப்பான அட்டை என்கிறீர்களே. அதே விளக்கின் கீழ் கை நீளத்தில் பிடித்துக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். குறி தெரிந்தால் கூச்சமேதான், தெரியாவிட்டால் குறி சிறியது. வட்டம் 1, கூட்டல் 2, அலை 3, சதுரம் 4, நட்சத்திரம் 5 என்று வைத்து, பின்பக்க ஓரத்தில் அந்தந்த எண்ணுக்குரிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி வையுங்கள், ஆனால் பெரிதாக.

எதிர் மூலையிலும் அதே குறி வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கட்டைத் தலைகீழாகச் சுற்றிக் கொடுத்தால் தொலைந்தது. அப்புறம், 25 அட்டையையும் சரியாகச் சொல்லிவிடாதீர்கள்! குருட்டாம்போக்கில் சொன்னால் சராசரியாக 5தான் சரியாக வரும், நீங்கள் பத்துப் பதினைந்து சொன்னாலே கூட்டம் வாயைப் பிளக்கும்.