பல தடுப்பூசிகளுக்கு வெக்கையைவிட உறைதலே பெரிய கேடு

கேள்வி: மானிப்பாயில் சிறிய தனியார் கிளினிக் நடத்துகிறோம். வீட்டுப் பாவனைக்கான இரட்டைக் கதவுப் பிரிட்ஜில்தான் தடுப்பூசிகளை வைத்திருக்கிறோம். மின்தடை அறிவித்தால் முதல் நாளிரவே டயலை உச்சத்துக்குத் திருப்பி, பிரீசரிலுள்ள ஐஸ் பக்குகளை மருந்துப் பெட்டிகளின் மேல் அடுக்கிவிடுவோம். இப்போது ஹெபடைட்டிஸ் பி குப்பிகளின் அடியில் வெள்ளைப் படிவு தெரிகிறது. பாவிக்கலாமா?

பதில்: இன்றைக்கு அந்தக் குப்பிகளில் ஒன்றையும் ஏற்றவேண்டாம். எறியவும் வேண்டாம். ஒரு பையில் போட்டு 'பாவிக்க வேண்டாம்' என்று எழுதி, 2 முதல் 8 பாகை செல்சியசிலேயே தனியாக வையுங்கள்.

படிவு மட்டும் குற்றமில்லை. ஹெபடைட்டிஸ் பி, பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி), ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போன்றவற்றில் அலுமினிய உப்பு உண்டு. அசையாமல் வைத்தால் அது அடியில் படியத்தான் செய்யும். பயம் ஐஸ் பக்கில்தான். பிரீசரிலிருந்து எடுத்த பக் பூச்சியத்துக்கு வெகு கீழே இருக்கும். ஹெபடைட்டிஸ் பி மருந்தோ −0.5 பாகையளவிலேயே உறையத் தொடங்கும். உறைந்தால் அலுமினியத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், மருந்தின் வீரியம் போய்விடும். உருகிய பிறகு வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. அதே மருந்து வெக்கையில் நன்றாகத் தாங்கும். சில மணிநேர மின்தடை அதைக் கெடுக்காது. குப்பியில் ஒட்டியுள்ள, வெக்கை பட்டால் நிறம் மாறும் வி.வி.எம். சதுரமும் வெப்பப் பாதிப்பை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது.

உறைந்ததா என்று அறியக் குலுக்கல் சோதனை செய்யலாம். அதே கம்பனி, அதே தொகுதி இலக்கமுள்ள ஒரு குப்பியை, அடையாளமிட்டு, இரவு முழுக்கப் பிரீசரில் வைத்துக் கல்லாக உறையவிடுங்கள். பிறகு சூடுகாட்டாமல் தானாக உருகவிடுங்கள். ஐஸ் பக்குக்கு மிக அருகில் இருந்த, சந்தேகமான குப்பியையும் இதையும் ஒரே கையில் பிடித்து 10 – 15 செக்கன் பலமாகக் குலுக்கி, வெளிச்சத்தில் அருகருகே வைத்து 30 நிமிடம் வரை பாருங்கள். உறையவைத்த குப்பியில் துகள்கள் விரைவாக இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். சந்தேகக் குப்பி அதைவிட மெதுவாகப் படிந்தால் பாவிக்கலாம். அதே வேகத்திலோ கூடிய வேகத்திலோ படிந்தால் கழித்துவிடுங்கள். கல்லாக உறைந்திருந்ததைக் கண்ணால் கண்ட குப்பிக்குச் சோதனையே தேவையில்லை, கழிக்கவேண்டியதுதான். அலுமினியம் இல்லாத தடுப்பூசிகளுக்கும், முன்கூட்டியே நிரப்பிய சிரிஞ்சுகளுக்கும் இந்தச் சோதனை உதவாது. அவை உறைந்ததாகச் சந்தேகமென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடமோ மருந்து தந்த முகவரிடமோ கேட்டே முடிவெடுங்கள்.

இனி டயல். அதிலுள்ள எண் குளிரூட்டும் வலுவைத்தான் குறிக்கிறது, வெப்பநிலையை அல்ல. உச்சத்தில் விட்டால், மின்சாரம் திரும்பியதும் இயந்திரம் ஓயாமல் ஓடி உள்ளே பூச்சியத்துக்குக் கீழே இறக்கிவிடும். மின்தடை தப்பவிட்ட மருந்தை மின்சாரம் கெடுத்துவிடும். சித்திரை வெயிலுக்கு வைத்த நிலையை மார்கழி வரை மாற்றாமல் விடுவதிலும் இதே ஆபத்து உண்டு. விடியற்காலையில் அறையும் குளிர்ந்து, கதவும் திறபடாமல் இருக்கும். அப்போதைய அளவே மிகத் தாழ்ந்தது. ஆகவே ஆகக் கூடிய, ஆகக் குறைந்த வெப்பநிலைகளை நினைவில் வைக்கும் டிஜிற்றல் வெப்பமானியின் உணரியை நடுத்தட்டில், மருந்துப் பெட்டிகளுக்கிடையே வையுங்கள். காலையும் மாலையும் அந்நேர வெப்பநிலையோடு சேர்த்து மூன்று எண்களையும் எழுதி, மீளமைத்துவிடுங்கள். காலையில் குறைந்த அளவு 2 பாகைக்கு மேல் நிற்கும்படி டயலைச் சிறிது சிறிதாகத் திருத்தினால் போதும்.

மின்தடைக்கு ஐஸ் வேண்டாம், தண்ணீர்ப் போத்தல் போதும். கீழ் மரக்கறித் தட்டையும் கதவுத் தட்டுகளையும் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பி எப்போதும் அப்படியே விடுங்கள். அந்த இடங்களில் மருந்து வைக்கக்கூடாது. நடுத்தட்டுகளில், சுவரிலிருந்தும் குளிர்காற்று வரும் துவாரத்திலிருந்தும் விலக்கி, காற்றோட இடைவெளி விட்டு அடுக்குங்கள். மின்சாரம் நின்றதும் கதவைத் திறக்காதீர்கள். வெப்பமானியின் திரை வெளியே இருந்தால் திறக்கத் தேவையும் இல்லை.

8 பாகையைத் தொடும்போல் இருந்தால் குளிர்ப்பெட்டிக்கு மாற்றுங்கள். ஐஸ் பக்கை வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே பெட்டிக்குள் வையுங்கள். மணிக்கூட்டை நம்பவேண்டாம், பங்குனி வெக்கையில் விரைவாக உருகும், மாரியில் சுணங்கும். மருந்துக்கும் பக்குக்கும் இடையே மட்டையும் தேவை.

சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியோ வெக்கைக்கும் வெளிச்சத்துக்கும் பயந்தது. அதன் தூளை உறைதல் கெடுக்காது, ஆனால் கரைக்கும் திரவத்தை உறையவிடக்கூடாது. திரவத்தைக் குளிர்வித்தே கலக்கவேண்டும். கலந்ததை 6 மணிநேரத்துக்குள், அல்லது அன்றைய கிளினிக் முடிவில், எது முந்துகிறதோ அப்போது கழித்துவிடுங்கள்.

குலுக்கல் சோதனையில் ஒரு குப்பியாவது தவறினால், ஐஸ் அடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தொகுதி யார் யாருக்கு ஏற்றப்பட்டது என்று பதிவேட்டிலிருந்து பட்டியலிட்டு, சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிவியுங்கள். மறுபடி ஏற்றவேண்டுமா என்பதை அவர் ஆலோசனைப்படி தீர்மானித்து, பிள்ளைகளின் பெற்றோரை நீங்களே அழைத்துச் சொல்லுங்கள்.