இருமல் சிரப்பை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. உணவுக்குழாயில் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய். கீமோ, ரேடியேஷன் முடிந்து, ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் ஆகிறது. இப்போது இட்லிகூடச் சிக்குகிறது. நோய் திரும்பிவிட்டதா? ஐந்து வருடம் தாண்டுவது 20 சதவீதம் பேர்தான் என்று இன்டர்நெட்டில் இருக்கிறது. எடை 7 கிலோ குறைந்துவிட்டது. சாப்பிட்டதும் வியர்த்துப் படபடக்கிறது. குரலும் கம்மிவிட்டது, தண்ணீர் குடித்தால் இருமுகிறார். வீட்டில் இருந்த சிரப்பைக் கொடுக்கிறோம்.

பதில்: இரண்டே மாதத்தில் சிக்குகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது தழும்புதான், புற்றுநோய் அல்ல. நோயுள்ள குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி மேலே இழுத்துத் தைத்திருப்பார்கள். அந்த இணைப்பு ஆறும்போது சுருங்குவது சகஜம். எண்டோஸ்கோபி செய்து உறுதிப்படுத்திக்கொண்டு, பலூனால் விரித்துவிடுவார்கள். இரண்டு மூன்று தடவைகூட ஆகலாம்.

அந்த 20 சதவீதக் கணக்கில், ஆபரேஷனே செய்ய முடியாத நிலையில் வந்தவர்களும் அடக்கம். உங்கள் அப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை. நெதர்லாந்தின் ‘கிராஸ்’ ஆய்வில் (2012) நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களில் பாதிப்பேர் 24 மாதம் தாண்டினார்கள். அப்பாவைப்போல் கீமோவும் ரேடியேஷனும் முடித்துப் போனவர்களில் பாதிப்பேர் 49 மாதம் தாண்டினார்கள். இப்படிப் போன ஸ்குவாமஸ் வகையினரில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு, வெட்டி எடுத்த பகுதியில் உயிருள்ள புற்றணுவே மிச்சமில்லை. அப்பாவின் பயாப்ஸி அறிக்கை என்ன சொல்கிறது? கூகுளில் தேடிய நேரத்தில் அதை ஒரு தடவை படித்திருக்கலாம்.

படபடப்புக்குக் காரணம், சாப்பாடு குடலுக்குள் வேகமாக இறங்குவது. சர்க்கரை போட்ட காபி, ஜூஸைக் குறையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு வேளை கொடுங்கள். எடை குறைவது இந்த ஆபரேஷனில் எதிர்பார்ப்பதுதான். அடைப்பு விலகினால் அதுவும் நிதானப்படும்.

சரி, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இருமல்தான் என்னை உறுத்துகிறது. குரல்நாணை அசைக்கும் நரம்பு உணவுக்குழாயை ஒட்டியே ஓடுகிறது. நெறிக்கட்டிகளை எடுக்கும்போது அது அடிபடலாம். குரல்நாண் சரியாக மூடாவிட்டால் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும், நிமோனியா வரும். இந்த ஆபரேஷனிலிருந்து தேறியவரை மறுபடி படுக்கையில் தள்ள அது ஒன்று போதும். உள்ளே போகும் தண்ணீரை வெளியே தள்ளத்தான் அவர் இருமுகிறார். நீங்களோ அதை அடக்க சிரப் கொடுக்கிறீர்கள்!

நாளைக்கே ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போடுங்கள். காது மூக்கு தொண்டை டாக்டர் குழாய் விட்டுக் குரல்நாணைப் பார்க்க வேண்டும், விழுங்கும் பரிசோதனையும் வேண்டும். அதுவரை தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்க விடாதீர்கள். வயிற்றில் உணவு டியூப் இன்னும் இருந்தால், நீரும் சத்தும் அதன் வழியே போகட்டும். காய்ச்சலோ மூச்சுவாங்கலோ மஞ்சள் சளியோ வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். அந்த சிரப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன கொடுத்தீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.