கொமடோர் 64: உடைந்த கீயை ஒட்டுவதற்கு முன்

கேள்வி: ஜெர்மனியில் ஹாம் நகரில் இருக்கிறேன். அப்பா இங்கே வந்த புதிதில், 1989இல், பழைய சாமான் சந்தையில் ஒரு கொமடோர் 64 வாங்கி வந்தார். நானும் தம்பியும் கம்ப்யூட்டர் பழகியது அதில்தான். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அதை ஓட வைத்துக் காட்ட ஆசை. திரையில் படம் நன்றாக வருகிறது. கீபோர்டில்தான் சிக்கல். 'ஏ' கீயின் மூடி என் மகன் கையோடு வந்துவிட்டது, மூடிக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைந்து மாட்டியிருக்கிறது. 'என்', 'எம்' இரண்டும் பலமாக அழுத்தினால்தான் விழுகின்றன. மேல் வரிசையில் 1, 3, 5, 7, 9 எதுவுமே வேலை செய்யவில்லை, ஆனால் 2, 4, 6, 8 ஒழுங்காக இருக்கின்றன. சூப்பர் குளூ வைத்து ஒட்டலாமா? இல்லை, வேறு கீபோர்டு தேடட்டுமா?

பதில்: தயவுசெய்து குளூ டியூபை மூடி வைத்துவிடுங்கள். வேறு கீபோர்டும் வேண்டாம். அப்பா தட்டிய கீபோர்டே அப்பாவின் கைக்குத் திரும்பப் போகலாம். உங்களுக்கு வந்திருப்பது ஒரு கோளாறு அல்ல, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று கோளாறுகள். ஒன்று முறிவு, ஒன்று அழுக்கு, ஒன்று ஒயர். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கீபோர்டைத் தொடும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள். 1982இல் வந்த இந்தக் கம்ப்யூட்டரின் பெரிய பலவீனமே அந்தக் கனமான பவர் பெட்டிதான். அது 5 வோல்ட் டி.சி.யும் 9 வோல்ட் ஏ.சி.யும் தருகிறது. வயதான ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ட் மேலே ஏறி மெமரி சிப்புகளை எரித்துவிடும். மல்டிமீட்டரில் 5.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். இன்று சரியாகக் காட்டினாலும் நாளைக்கு உத்தரவாதம் இல்லை, அதனால் புதிதாகச் செய்து விற்கும் சப்ளை ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. இந்த வேலை முழுவதிலும் நீங்கள் செலவழிக்க வேண்டிய பெரிய தொகை அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது ஒற்றைப்படை எண்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான், ஏனென்றால் பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். இந்தக் கீபோர்டில் மொத்தம் 66 கீ. அதில் 64 கீகள் கட்டம் போட்ட நோட்டு மாதிரி எட்டுக்கு எட்டு என்று அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் கிடையாது. எட்டுக் கோடு குறுக்கே, எட்டுக் கோடு நெடுக்கே, ஒரு கீயை அழுத்தினால் இரண்டு கோடுகள் ஓரிடத்தில் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். 1, 3, 5, 7, 9 ஐந்தும் ஒரே கோட்டில் இருப்பவை. அதே கோட்டில் இன்னும் மூன்று உண்டு: கூட்டல் குறி, பவுண்டு குறி, டெலிட். அவற்றையும் தட்டிப் பாருங்கள். எட்டுமே செத்துக் கிடந்தால் கீகளில் பழுதே இல்லை, அந்த ஒரு கோடு எங்கேயோ அறுந்திருக்கிறது. எட்டுக் கீயையும் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம்.

எங்கே அறுந்திருக்கிறது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வீட்டில் பழைய ஜாய்ஸ்டிக் இருக்குமே, அதை ஜாய்ஸ்டிக் செருகும் இரண்டு இடங்களில் முதலாவதில், அதாவது முதல் போர்ட்டில், செருகுங்கள். எந்த விளையாட்டையும் ஏற்றாமல், ஆன் செய்ததும் வரும் பேசிக் திரையில் கர்சர் மினுக்கும்போது ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளுங்கள். '1' என்று திரையில் விழ வேண்டும். முதல் போர்ட்டும் கீபோர்டும் 6526 என்ற ஒரே சிப்பின் அதே கால்களைப் பகிர்ந்துகொள்வதால் இப்படி நடக்கிறது. வலது பக்கம் தள்ளினால் '2' விழும், ஜாய்ஸ்டிக் நன்றாக இருக்கிறதா என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

மேலே தள்ளும்போது '1' வந்தால் நிம்மதி. சிப் நலமாக இருக்கிறது, பழுது கீபோர்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவில். வராமல் '2' மட்டும் வந்தால் சிப்பின் மேல் சந்தேகப்பட வேண்டும். உள்ளே 6526 இரண்டு இருக்கும், இரண்டும் சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நேராகச் சால்டர் செய்திருந்தால், அதாவது ஈயத்தை உருக்கி ஒட்டியிருந்தால், அந்த வேலையைப் பழக்கமுள்ளவரிடம் கொடுங்கள்.

'1' வந்தது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது, மின்சாரம் இருக்கும்போது கீபோர்டு இணைப்பைக் கழற்றினாலோ மாட்டினாலோ அந்த 6526தான் முதலில் போகும். கம்ப்யூட்டரைக் கவிழ்த்தால் முன் விளிம்பில் மூன்று ஸ்குரூ. எடுத்துவிட்டு நிமிர்த்தி, மேல் பாதியைப் புத்தகம் திறப்பதுபோல் முன்பக்கத்திலிருந்து தூக்குங்கள். இரண்டு இணைப்புகள் தடுக்கும்: கீபோர்டின் நீளமான பிளக், பவர் விளக்கின் சின்னப் பிளக். படம் எடுத்துக்கொண்டு இரண்டையும் கழற்றுங்கள்.

நீளமான பிளக்கில் 20 இடம், இரண்டாவது இடம் மட்டும் காலி. மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். காலி இடத்தை இரண்டு என்று வைத்து எண்ணிக்கொண்டே போனால் உங்கள் கோடு 12ஆவது. அந்த ஒயரை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். பிளக்குக்குள் இருக்கும் தகரக் காது தளர்ந்து பின்னுக்கு வந்திருக்கலாம், அல்லது மறுமுனையில் கீபோர்டின் சர்க்யூட் போர்டில் ஈய ஒட்டு விட்டுப்போயிருக்கலாம். முப்பத்தைந்து, நாற்பது வருடத்தில் இரண்டும் சகஜம். காது தளர்ந்திருந்தால் உள்ளே தள்ளினால் போதும், ஈயம் விட்டிருந்தால் சால்டரிங் அயர்னால் ஒரு தொடுதல்.

அடுத்து 'ஏ'. மூடிக்குள் மாட்டியிருக்கும் துண்டு மூடியினுடையது அல்ல. மூடிக்குக் கீழே ஒரு தண்டு இருக்கிறது, அதன் தலைதான் ஒடிந்திருக்கிறது. தண்டு கீபோர்டின் பின்பக்கத்திலிருந்து நுழைந்து, ஸ்பிரிங்குக்குள் வந்து, மூடியைப் பிடித்துக்கொள்கிறது. அடிமுனையில் கறுப்பு ரப்பர் ஒன்று ஒட்டியிருக்கும். கீயை அழுத்தும்போது அந்த ரப்பர் போர்டில் பட்டு மின்சாரத்தைக் கடத்துகிறது.

இந்தத் தலையைக் குளூ வைத்து ஒட்டினால் முதல் நாள் நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தட்டலிலும் பாரம் விழுவது சரியாக அந்த முறிந்த இடத்தில்தான், திரும்ப விட்டுவிடும். அதைவிட மோசம், குளூ வழிந்து தண்டு போகும் குழாயில் இறங்கினால் கீ அப்படியே உறைந்துவிடும். அப்புறம் மூடி, தண்டு, சட்டம் மூன்றையும் சேதப்படுத்தாமல் யாராலும் எடுக்க முடியாது. இந்தக் கீபோர்டைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் கழற்றி மாட்டும்படிதான் செய்திருக்கிறார்கள். நீங்கள் செய்யும் ரிப்பேரும் திரும்பக் கழற்றக்கூடியதாகவே இருக்கட்டும். புதுத் தண்டு கிடைக்கிறது. பழைய கீபோர்டிலிருந்து எடுத்தவையும் உண்டு, 3டி பிரிண்டரில் செய்தவையும் உண்டு. இந்தத் தண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு என்பதால் உடைந்த துண்டின் வடிவத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிறந்தநாள் நெருங்கிவிட்டது என்றால் பவுண்டு கீயின் தண்டை 'ஏ'க்கு மாற்றிவிடலாம்.

மூடிக்குள் மாட்டிய துண்டை எடுக்க, பழைய கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி போன்றவற்றில் வரும் மிகச் சிறிய ஸ்குரூ ஒன்று போதும். துண்டின் நடுவில் அதை இரண்டு, மூன்று சுற்று மட்டும் ஏற்றி, ஸ்குரூ தலையைக் குறடால் பிடித்து நேராக இழுங்கள். ஆழமாக ஏற்றினால் துண்டு விரிந்து மூடியைப் பிளந்துவிடும். சூடு காட்ட வேண்டாம்.

தண்டை மாற்ற, கீபோர்டைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கவிழ்த்து, பின்னால் இருக்கும் போர்டைத் தூக்க வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட பொடி ஸ்குரூக்கள் அதைப் பிடித்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்தும் போர்டு வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். ஷிப்ட் லாக் கீயிலிருந்து வரும் இரண்டு ஒயர்கள் போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும், அவற்றை முதலில் அயர்ன் வைத்து விடுவிக்க வேண்டும். நான் திறந்த முதல் கீபோர்டில் இது தெரியாமல் நெம்பி, செப்புத் தடத்தையே பிய்த்துவிட்டேன். அதைச் சரிசெய்ய முடிந்தது, ஆனாலும் அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

போர்டு கையில் வந்ததும் 'என்', 'எம்' கதையும் சேர்ந்து முடிந்துவிடும். போர்டில் கீகளுக்கு நேரே தொடும் இடங்கள் தெரியும். பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பனால் என்ற ஆல்கஹாலில் நனைத்து அந்த இடங்களை லேசாகத் துடையுங்கள். உங்கள் ஊரில் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். உப்புத்தாள், கத்தி முனை எதுவும் கூடாது, மேல் பூச்சு போனால் திரும்ப வராது. எண்ணெய் கலந்த கான்டாக்ட் ஸ்பிரேயும் வேண்டாம், ஆறு மாதத்தில் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். தண்டின் ரப்பருக்கு இன்னொரு முறை: சாதாரண வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு ஐசோபுரோப்பனால் விட்டு, ரப்பரை அதன்மேல் இரண்டு முறை இழுங்கள். கறுப்பாக ஒரு கோடு விழும். உள்ளேயிருந்து புது ரப்பர் முகம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாத ரப்பராக இருந்தால், டிவி ரிமோட் ரிப்பேருக்கு விற்கும் கடத்தும் ரப்பர் வில்லைகளை வெட்டி ஒட்டலாம். நான் குளூவை அனுமதிக்கும் ஒரே இடம் இது, அதுவும் ஊசி முனையளவு.

மற்ற மூடிகளையும் கழற்றிக் கழுவத் தோன்றும். கழுவலாம், வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும், ஒரு நாள் காயட்டும். அசிட்டோன் பக்கம் போகாதீர்கள். மூடியின் முன்முகத்தில் இருக்கும் அந்தச் சின்னஞ்சிறு படங்கள் போய்விட்டால் பிறகு அது உங்கள் அப்பாவின் கீபோர்டு மாதிரியே இருக்காது. மூடியை எடுக்கும்போது ஸ்குரூ டிரைவரால் நெம்பாமல், மெல்லிய கம்பியை இரண்டு கொக்கியாக வளைத்து எதிரெதிர் மூலையில் மாட்டி நேராக மேலே இழுங்கள். இன்னொரு கையை மேலே குவித்துப் பிடித்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் துள்ளி ஓடும். ஸ்பேஸ் பாருக்கு அடியில் ஒரு நீளக் கம்பி மாட்டியிருக்கும், அவசியம் இல்லாவிட்டால் அதைத் தொட வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது பொடி ஸ்குரூக்களை முதலில் இடப்பக்கமாக, பின்னோக்கிச் சுற்றுங்கள். 'டக்' என்று பழைய புரியில் உட்காரும், அதன் பிறகு வலப்பக்கம் திருப்புங்கள். நேரடியாக முறுக்கினால் புதுப் புரி வெட்டிக்கொண்டு பிளாஸ்டிக் தளர்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே அளவில், விரல் பலத்தில் முறுக்கினால் போதும். ஓரிடத்தில் அதிகம் இறுக்கிவிட்டால் அங்கே இருக்கும் கீகள் அழுந்தினபடியே நின்றுவிடும்.

ஷிப்ட் லாக் ஒயர்களைச் சால்டர் செய்து, இரண்டு பிளக்கையும் செருகி, மூன்று ஸ்குரூவைப் போடாமலே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 'போக் 650,128' (POKE 650,128) என்று அடித்து ரிட்டர்ன் தட்டினால், எந்தக் கீயைப் பிடித்தாலும் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். 'என்', 'எம்' இரண்டையும் மெதுவாகப் பிடியுங்கள். வரிசை விட்டு விட்டு ஓடினால் ரப்பர் இன்னும் சரியாகப் படவில்லை. ரிஸ்டோர் கீ மட்டும் எதையும் எழுதாது. ரன் ஸ்டாப்பை அழுத்திக்கொண்டு அதைச் சுருக்கென்று தட்டினால்தான் திரை துடைத்துக்கொண்டு வரும். மெதுவாக அழுத்தினால் வராது. புதிதாக வாங்கியபோதே அது அப்படித்தான் இருந்தது, அதைக் கோளாறு என்று நினைத்து மறுபடி திறந்துவிடாதீர்கள்.