பழைய பிக்கப் நேராக ஓடாமல் அலைகிறதா? ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இதுதான்: கைமாறி வந்த பழைய பிக்கப். வேகம் கூடினால் நேராக நிற்காமல் இடதும் வலதுமாக அலைகிறது, ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது. மெக்கானிக் 'பாக்ஸ் போயிடுச்சு, மாத்திடலாம்' என்கிறார். பாக்ஸ் என்பது ஸ்டீயரிங் தண்டின் சுழற்சியைச் சக்கரத்தைத் திருப்பும் அசைவாக மாற்றும் பற்சக்கரப் பெட்டி. மாற்றலாமா?

அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் ஆட்டம் இருக்கிறது என்று அவர் உங்களுக்குக் கண்ணால் காட்டும்வரை எதையும் மாற்றாதீர்கள். ஸ்டீயரிங் வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஏழெட்டு இணைப்புகள் இருக்கின்றன. அவற்றில் எது தேய்ந்தாலும் ஓட்டுபவர் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் ஊகத்தில் பாகம் மாற்றுவது பெரும்பாலும் வீணாகிறது.

முதலில் உங்கள் புகார் ஒன்றா இரண்டா என்று பிரித்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். முன் டயர் அசைய ஆரம்பிக்கும்வரை வளையம் எவ்வளவு சும்மா நகர்கிறது? வளையத்தின் விளிம்பில் ஸ்கேல் வைத்து அளங்கள். 30 மி.மீ. வரைதான் போகலாம் என்று பல வண்டிகளின் சர்வீஸ் புத்தகம் சொல்கிறது. உங்கள் வண்டிக்கு என்ன அளவு என்று அதன் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆடினால் இணைப்புகளில் எங்கோ தேய்மானம். ஆட்டமே இல்லை, ஆனாலும் வண்டி அலைகிறது என்றால் டயர், சக்கரக் கோணங்கள், பின் அச்சு ஆகிய மூன்றில் ஒன்று. இந்த இரண்டாவது வகை வண்டிக்குப் புது பாக்ஸ் போட்டாலும் அலைச்சல் அப்படியேதான் இருக்கும்.

எந்த வகையானாலும் டயரில் தொடங்குங்கள். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் சூடாவதற்கு முன் காற்றுப் பிடியுங்கள். பின்பக்கத்துக்குக் காலியாக ஓடும்போது ஒரு அளவும் பாரம் ஏற்றும்போது வேறு அளவும் கொடுத்திருப்பார்கள். முன்னால் ஒரு வகை, பின்னால் வேறு வகை என்று டயர்கள் கலந்திருந்தால் அதுவே அலைய வைக்கப் போதும். அப்புறம் முன் டயரின் பட்டன்கள் மேல் உள்ளங்கையைக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழவழப்பாகவும், உள்ளேயிருந்து வெளியே தடவும்போது ரம்பப் பல் மாதிரி உறுத்தலாகவும் இருந்தால், அல்லது அப்படியே தலைகீழாக இருந்தால், 'டோ' கோணம், அதாவது முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, தவறியிருக்கிறது. சக்கரத்தைத் தள்ளித் திருப்பும் கம்பியான டை ராடில் தேய்மானம் இருந்தாலும் அந்தக் கோணம் மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது முக்கியமான சோதனை. இதற்கு ஒரு துணையாள் வேண்டும், ஜாக்கி வேண்டாம். சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துணையாள் ஸ்டீயரிங்கைக் கடிகாரத்தின் 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில் மட்டும் இடம் வலமாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் கீழே படுத்து, ஸ்டீயரிங் தண்டில் தொடங்கிச் சக்கரம்வரை ஒவ்வொரு இணைப்பாகப் பின்தொடருங்கள்.

ஸ்டீயரிங் தண்டு திரும்புகிறது, அதன் கீழே உள்ள யுனிவர்சல் ஜாயிண்ட் அல்லது ரப்பர் வட்டு தாண்டி அசைவு தாமதமாக வருகிறது என்றால் பழுது அங்கேயே. பாக்ஸுக்குள் போகும் தண்டு திரும்பியும் பாக்ஸிலிருந்து வெளியே வரும் கையான பிட்மேன் ஆர்ம் சும்மா நிற்கிறதா? அப்போதுதான் பாக்ஸின் மேல் சந்தேகம். பிட்மேன் ஆர்ம் அசைந்து அடுத்த ராடு அசையவில்லை என்றால் நடுவில் இருக்கும் ஜாயிண்ட். ஐட்லர் ஆர்ம் (பிட்மேன் ஆர்முக்கு எதிர்ப்பக்கத்தில் ராடைத் தாங்கும் கை) இருக்கும் வண்டியில் அது பக்கவாட்டில் நகராமல் மேலும் கீழுமாகத் துள்ளுகிறதா என்று கவனியுங்கள். தேய்ந்த ஐட்லர் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும். டை ராட் எண்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள், விரல்கள் ராடின் மேலும் உள்ளங்கை அது போய்ச் சேரும் ஆர்மின் மேலும் இருக்கிற மாதிரி. நல்ல ஜாயிண்ட் என்றால் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்தது என்றால் ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் ஒரு சின்ன 'டிக்' உள்ளங்கையில் தட்டும். ரப்பர் உறை கிழிந்து, ஓரத்தில் செம்பழுப்பாகத் துருப்பொடி கசிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லாமல் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன.

பலர் பார்க்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. ஸ்டீயரிங்கை ஆட்டும்போது பாக்ஸே சேசிஸின் மேல் அசைகிறதா என்று பாருங்கள். நண்பர் ஒருவரின் வண்டியில் பாக்ஸ் போல்ட்டைச் சுற்றி மண் படியாமல் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தது. போல்ட் தளர்ந்து பாக்ஸ் உரசிக்கொண்டிருந்த தடம் அது. பாக்ஸுக்குள்ளே எந்தக் குறையும் இல்லை. போல்ட் இறுக்கமாக இருந்தும் அசைந்தால் அந்த இடத்தில் சேசிஸில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். முன்பக்கம் முழு அச்சும் சுருள் ஸ்பிரிங்கும் உள்ள வண்டி என்றால், அச்சையும் சேசிஸையும் குறுக்காக இணைக்கும் டிராக் பாரின் இரண்டு முனைகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் ஸ்டீயரிங் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் மேலே உள்ள வண்டியே பக்கவாட்டில் நகரும். ரேக் வகை ஸ்டீயரிங் (பாக்ஸுக்குப் பதிலாகப் பல் வெட்டிய நீளத் தண்டு இடம் வலமாக நகரும் வகை) என்றால் ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களையும், சுருக்கு உறைக்குள் இருக்கும் உள் ஜாயிண்ட்டையும் உறையோடு சேர்த்துப் பிடித்து உணர்ந்து பாருங்கள்.

பாக்ஸ் மேலே லாக் நட்டோடு ஒரு திருகு இருக்கும். 'அதைக் கொஞ்சம் முறுக்கினா சரியாயிடும்' என்று சொல்பவர்களை நம்பி முறுக்கிவிடாதீர்கள். பாக்ஸின் பற்கள் நேராக ஓடும் நடு இடத்தில்தான் அதிகம் தேய்கின்றன. அந்த நடு ஆட்டம் போகும்வரை முறுக்கினால் அதிகம் தேயாத பக்க இடங்களில் இறுகிக்கொள்ளும். வளைவில் திருப்பிய பிறகு ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, வண்டி முன்பைவிட மோசமாக அலையும். இணைப்புகள் எல்லாம் நல்லது என்று தெரிந்த பிறகு, புத்தகம் சொல்லும் முறையில், மிகச் சிறிய திருப்பமாகச் செய்ய வேண்டிய வேலை அது. இன்னொன்றும் கவனியுங்கள்: வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வளையம் கோணலாக நிற்கிறதா? அப்படியானால் பாக்ஸ் தன் நடு இடத்தில் வேலை செய்யாமல் இருக்கலாம். இந்த வகை பாக்ஸ்களில் நடுவில்தான் பற்கள் நெருக்கமாக அமைந்திருக்கும், பக்கங்களில் இயல்பாகவே இடைவெளி உண்டு. யாரோ டை ராடைச் சரிசெய்யும்போது கோணலாக விட்டிருந்தால், நல்ல பாக்ஸும் தளர்ந்த மாதிரி தெரியும்.

அடுத்தது ஜாக்கி வைத்துச் செய்வது. சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் ஆர்ம்களில், ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருந்தால் கீழ் ஆர்முக்கு அடியிலும், மேல் ஆர்மில் உட்கார்ந்திருந்தால் சேசிஸுக்கு அடியிலும், முழு அச்சு என்றால் அச்சுக்கு அடியிலும் தூக்க வேண்டும். இடம் தப்பினால் ஸ்பிரிங்கின் அழுத்தம், ஆர்மின் முனையில் சக்கரம் திரும்ப இடம்தரும் பால் ஜாயிண்ட்டின் ஆட்டத்தை மறைத்துவிடும். ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் போகவே கூடாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட், கிங் பின் (சில வண்டிகளில் பால் ஜாயிண்ட்டுக்குப் பதில் இருக்கும் முளை), வீல் பேரிங் இவற்றில் ஒன்று. துணையாளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், அப்படியே இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் பக்கம் போங்கள்.

முன்பக்கம் சுத்தமாக இருந்தால் பின்னால் போங்கள். பாரம் சுமந்த பழைய பிக்கப்பில் பின் அச்சே வண்டியைத் திருப்பும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கமும் விட்டால் மறுபக்கமும் வண்டி நகர்கிறதா? லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை ஸ்பிரிங்) முன் புஷ், அதை அச்சோடு கட்டும் யு போல்ட் தளர்ந்திருக்கிறதா, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா, எல்லாவற்றையும் பாருங்கள். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்து, வித்தியாசம் கண்ணில் படும்படி இருந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது.

வண்டியை உயர்த்தியிருந்தால் 'காஸ்டர்' கோணம், அதாவது பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறைந்திருக்கலாம். நேராக நிற்கும் குணம் அந்தக் கோணத்திலிருந்துதான் வருகிறது. மேடு பள்ளத்தில் மட்டும் வண்டி திடீரென்று பக்கம் தாவினால், உயர்த்தியதால் ஸ்டீயரிங் ராடுகளின் சாய்வு மாறியிருக்கலாம். ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் ராடில் மாட்டும் ஷாக் அப்சார்பர்) மட்டும் புதிதாகப் போடுவதை நான் ஏற்பதில்லை. அது நடுக்கத்தை அமுக்கும், தளர்ந்த ஜாயிண்ட் உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும்.

டை ராட் எண்ட் அல்லது பால் ஜாயிண்ட் கையால் ஆட்டும்போதே கலகலவென்று ஆடினால் வண்டியை அன்றைக்கே நிறுத்துங்கள். பட்டறைக்குக்கூட ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஜாயிண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது.

ஜாயிண்ட்டை மாற்றும்போது, நட்டு கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னைப் புதிதாகப் போட வேண்டும், பழையதையே மறுபடி வளைத்துப் போடக் கூடாது. துளை நேர்படவில்லை என்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. கடைசியில் சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மெண்ட். நான்கு சக்கரத்தையும் அளந்த ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். முன்சக்கரத்தின் டோ மட்டும் சரிசெய்து அனுப்பினால் காஸ்டர் குறைந்திருப்பதும் பின் அச்சு விலகியிருப்பதும் தெரியாமலே போய்விடும்.